பல்லாவரத்துக் கல்லும் ஒரு பழைய வழக்கும்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனா ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், அதுல ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றார் செயலாளர். சாம்பாரை விட்டால் நமக்கெல்லாம் பொதுவாக வேறென்ன இருக்கிறது என்று யோசித்தேன். சிவில் படித்தவர்களுக்கு ஒன்று இருக்கிறது. இன்ஜினியரிங் ஜியாலஜி பேப்பரில் வருஷம் தவறாமல் வரும் இரண்டு மார்க் கேள்வி: 'சார்னாக்கைட் – சிறு குறிப்பு வரைக.' எல்லாரும் எழுதிய விடையும் ஒன்றுதான். கரிய நிறம், கெட்டியானது, ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டு, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும், ஜல்லிக்கு ஏற்றது. மார்க்கை வாங்கிக்கொண்டு கல்லை விட்டுவிட்டோம்.

கல் நம்மை விடவில்லை. கட்டட வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் நான் அதை லோடு லோடாக வாங்கியிருக்கிறேன். முக்கால் இஞ்சு, ஒன்றரை இஞ்சு, சிப்ஸ், இப்போது எம்-சாண்ட் என்று அதற்கு எத்தனையோ அவதாரம். சென்னையைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் கருங்கல் ஜல்லி என்று கேட்டு வாங்குவதில் பெரும்பங்கு இந்த இனம்தான். அது பிறந்தது எப்படி என்பதைப் பற்றி நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழக்கின் சாட்சிகளை நாம் கிரஷரில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறோம். இது ஜியாலஜி படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. மற்ற டிபார்ட்மெண்ட்காரர்களுக்கும், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கல் நம் ஊருடையது. பெயர் கிடைத்ததோ கல்கத்தாவில், அதுவும் ஒரு கல்லறையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்த ஜாப் சார்னாக், வங்காளத்தில் முகலாயர்களோடு மோதி, பின்வாங்கிச் சென்னைக்கு வந்து கொஞ்ச காலம் தங்கியவர். அவருடைய பெண்களுக்கு 1689-இல் ஞானஸ்நானம் நடந்தது நம் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில். 1690 ஆகஸ்டில் திரும்பிப் போய் ஹூக்ளிக் கரையில் சுதாநுட்டி என்ற கிராமத்தில் இறங்கினார். அந்த இடம்தான் பிறகு கல்கத்தா ஆயிற்று. இரண்டே வருஷத்தில் இறந்தும் போனார். கல்லறைக் கல்லில் 1692 ஜனவரி என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. அப்போது ஆங்கிலேயர்களுக்குப் புதுவருஷம் மார்ச் 25-ஆம் தேதிதான் பிறக்கும். ஆகவே நம் கணக்குப்படி அது 1693. மருமகன் சார்லஸ் அயர் அவருக்கு ஒரு எண்கோண மண்டபம் கட்டி, உள்ளே ஒரு கரிய கற்பலகையை வைத்தார். இன்று செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துக்குள் இருக்கிறது அது. சர்ச் வந்தது அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1787-இல்.

கங்கையின் டெல்டா முழுக்க வண்டல். எத்தனை அடி தோண்டினாலும் மண்ணும் களியும்தான். ஒரு அம்மிக்கல்லுக்குக்கூட வெளியூர் போக வேண்டும். அப்படியானால் இந்தக் கற்பலகை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டவர் தாமஸ் ஹாலண்ட். இந்திய மண்ணியல் ஆய்வுத் துறைக்கு 1890-இல் வேலைக்கு வந்த இளைஞர். பின்னாளில் அதன் டைரக்டரே ஆனார். கல்லறைக் கல்லின் துணுக்கை ஒரு மில்லிமீட்டரில் முப்பத்திமூன்றில் ஒரு பங்கு தடிமனுக்குத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நம் லேபில் பார்த்தோமே, அதே வேலைதான். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இரண்டோடும் ஹைபர்ஸ்தீன் தெரிந்தது. மேடையைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் கனிமம் அது. (இப்போது புத்தகங்களில் ஆர்த்தோபைராக்சீன் என்று எழுதுகிறார்கள். பழைய பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது, விட மனமில்லை.) சாதாரண கிரானைட்டில் இந்தக் கனிமம் இருக்காது. ஆனால் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் குன்று குன்றாக நிற்கும் கல்லில் இருக்கிறது. சென்னையிலிருந்து கப்பலேறிப் போன கல் அது என்று முடிவு கட்டி, 1893-இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். அந்த வகைக் கல்லுக்கு அடியில் படுத்திருந்தவரின் பெயரையே சூட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை. கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு தனி ஸ்தாபகர் கிடையாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊர்ப் பட்டம் போயிற்று. கல்லின் பட்டம் மட்டும் உலகம் முழுக்க நிற்கிறது. நம்ம ஊர்க் கல்லுக்குத் துரை பெயரா என்று சில நண்பர்கள் கோபப்படுவார்கள். பல்லாவரைட் என்று வைத்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

ஹாலண்ட் அதோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவில் கிடைத்த இடங்களிலிருந்தெல்லாம் கல் சேர்த்து, 1900-இல் 'சார்னாக்கைட் வரிசை' என்று ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டார். சென்னை, சேர்வராயன் மலை, நீலகிரி என்று எங்கே பார்த்தாலும் வெளிர் நிறத்திலிருந்து கன்னங்கரேல் வரை பல நிறத்தில், பல ரசாயனக் கலவையில் பாறைகள். ஆனால் எல்லாவற்றிலும் ஹைபர்ஸ்தீன். ஆகவே இவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றார் அவர். பூமிக்கடியில் உருகிய ஒரே பாறைக்குழம்பு மெதுவாக உறையும்போது வெவ்வேறு கட்டத்தில் பிரிந்து நின்றவை, அதாவது தீப்பாறைகள். பக்கத்துப் பாறைக்குள் இவை நாக்கு நீட்டிப் புகுந்திருக்கும் இடங்களையும் காட்டினார். வலுவான வாதம்தான்.

அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவும் கிடைத்தது. 1929 முதல் 1931 வரை டக்ளஸ் மாசன் தலைமையில் அண்டார்டிகா போன குழு, எண்டர்பி நிலம் என்ற கரையிலிருந்து பாறைகள் கொண்டுவந்தது. அவற்றை ஆராய்ந்த டில்லி என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், இது சென்னையின் சார்னாக்கைட் வரிசையில் சேர வேண்டிய ஒரு புது உறுப்பினர் என்று 1936-இல் எழுதி 'எண்டர்பைட்' என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பெரும்பாலோர் ஏற்காத காலம் அது. பனிக்கண்டத்துக் கல்லுக்கும் பல்லாவரத்துக் கல்லுக்கும் உறவு முறை சொன்னார்கள். எப்படி உறவு என்று கேட்டால் அன்றைக்குப் பதில் இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். ஹாலண்டின் வாதத்தில் ஆரம்பத்திலிருந்தே சில இடறல்கள் இருந்தன. இந்தக் கல்லை நெருங்கிப் பார்த்தால் பல இடங்களில் பட்டை பட்டையாக, பிசைந்து இழுத்த மாவு மாதிரி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே கொண்டலைட் என்ற பாறை கிடக்கும். ஒரிசாவின் கோந்த் பழங்குடியினர் பெயரால் 1902-இல் பெயர் பெற்ற கல் அது, கார்னெட் நிறைந்தது, ஒரு காலத்தில் கடலடிக் களிமண்ணாக இருந்து வெந்து கல்லானது. சுண்ணாம்புப் படிவு வெந்து உண்டான பளிங்குக்கல்லும் சில இடங்களில் கூடவே இருக்கும். அண்டை வீட்டார் அத்தனை பேரும் வெந்து உருமாறியவர்கள். நடுவில் இவர் மட்டும் உருகி உறைந்தபடி அப்படியே நிற்கிறாரா? அது எப்படி?

1955-இல் ராபர்ட் ஹோவி என்பவர் சென்னைச் சார்னாக்கைட்டை ரசாயனப் பகுப்பாய்வு செய்து ஒரு நடுவழி சொன்னார்: முதலில் தீப்பாறை, பிறகு ஆழத்தில் மறுபடி வெந்து படிகம் மாறியது. 1959-இல் நம் மண்ணியல் துறையின் ஏ.பி.சுப்பிரமணியம், ஹாலண்ட் நடந்த அதே பல்லாவரம் குன்றுகளில் மறுபடி நடந்து பார்த்துவிட்டு, குடும்பத்தையே பிரித்தார். வெளிர் கற்கள் ஒரு கூட்டம், கரிய கற்கள் வேறு கூட்டம், கார்னெட் உள்ளவை கொண்டலைட்டைச் சேர்ந்தவை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதால் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் ஆக மாட்டார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். புதுக் கருவி எதுவும் இல்லை, ஏற்கெனவே தீர்ப்பான இடத்துக்கு ஒரு ஆள் திரும்பப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

தாய் வேறு என்றால், எல்லாருக்கும் ஒரே முகஜாடை எப்படி வந்தது? இதற்குச் செங்கல் சூளையைப் பார்த்தால் போதும். களிமண் துகளுக்குள் தண்ணீரின் கூறு பிணைந்திருக்கிறது. வெயிலில் காயவைத்தால் ஈரம்தான் போகும், அந்தப் பிணைந்த தண்ணீர் போகாது. சூளையில் வைத்தால் அதுவும் வெளியேறிவிடுகிறது. பிறகு எத்தனை மழையில் நனைந்தாலும் செங்கல் திரும்பக் களிமண் ஆகாது. பாறைக்கும் இதேதான். சாதாரண நைஸ் பாறையில் (பெயர்தான் நைஸ், உடைத்துப் பார்த்தால் தெரியும்) பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கரும் கனிமங்கள் உண்டு. இரண்டிலும் தண்ணீரின் கூறு இருக்கிறது. ஆழத்தில் போதுமான சூட்டில் அவை குவார்ட்ஸோடு வினை புரிந்து, தண்ணீரை விட்டுவிட்டு, ஹைபர்ஸ்தீனாகவும் ஃபெல்ட்ஸ்பாராகவும் மாறுகின்றன. ஹைபர்ஸ்தீன் என்பது குலப்பெயர் இல்லை, சூளைக்குள் போய் வந்ததற்கான முத்திரை. எந்தத் தாய் பெற்ற பாறையானாலும் அந்தச் சூட்டில் அந்த வறட்சியில் வெந்தால் அந்த முத்திரை விழும். இப்படி வெந்தவற்றைக் கிரானுலைட் என்றும், உயர்நிலை உருமாற்றம் அடைந்தவை என்றும் சொல்கிறார்கள்.

எவ்வளவு ஆழம் என்று நம் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 25 கிலோமீட்டர் பாறை மேலே இருக்கிறது, அடர்த்தி கனமீட்டருக்கு 2,800 கிலோ என்று வையுங்கள். அடியில் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 690 நியூட்டன். நாம் போடும் எம்25 கான்கிரீட் கியூப் நொறுங்குகிற எண்ணைப் போல 27 மடங்குக்கு மேல். சுற்றிலும் சமமாக அமுக்குவதால் பாறை நொறுங்காமல் நிற்கிறது. சரிசமமாக அமுக்காத இடத்தில் அல்வா மாதிரி இழுபட்டுப் பட்டையாகிறது. வெப்பம் 700-இலிருந்து 800 டிகிரி, சில இடங்களில் அதற்கும் மேல். செங்கல் சூளையின் சூட்டைவிட இது அதிகம் இல்லை. ஆனால் நம் சூளை சில நாள் எரியும். இது எரிந்தது லட்சக்கணக்கான வருஷங்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் இடிக்கும். 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் இன்று ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கத்தில் நிற்கிறது. மேலே இருந்த 25 கிலோமீட்டரும் அரித்துப் போய்விட்டது. சரி, கீழே என்ன மீதி என்று நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தால், தென்னிந்தியாவின் அடியில் இன்னும் 35, 40 கிலோமீட்டர் மேலோடு இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 60-ஐத் தாண்டுகிறது. இன்றைக்கு அவ்வளவு தடிமனான மேலோடு வேண்டுமென்றால் திபெத்துக்குத்தான் போக வேண்டும்.

வெந்தது என்பது சரி. வேகும்போது நேரில் பார்த்த சாட்சி உண்டா? உண்டு. சி.எஸ்.பிச்சமுத்து என்ற மைசூர் மண்ணியலாளர் இந்தக் கல்லின் பின்னாலேயே அலைந்தவர். 1953-இல் 'சார்னாக்கைட் பிரச்சினை' என்ற தலைப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1960-இல் நேச்சர் இதழில் 'உருவாகிக்கொண்டிருக்கும் சார்னாக்கைட்' என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய சிறு குறிப்பு வந்தது. இடம் கப்பல்துர்கா. பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரா தாண்டி நிற்கும் ஒற்றைக் குன்று. அடிவாரத்தில் கப்பாளம்மா கோயில் இருப்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கோயில் கூட்டத்தை விட்டு விலகிக் குவாரிப் பக்கம் போனால், சாம்பல் நிற நைஸ் பாறையின் வெட்டுமுகம் தெரியும். அதில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மங்குகின்றன. அங்கே ஒரு திட்டு, பச்சை கலந்த பழுப்பு நிறம், எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு, பெரிய பெரிய படிகங்கள். சில திட்டு உள்ளங்கை அளவு, சில ஆள் உயரம். சில விரிசலை ஒட்டி நீளமாக இருக்கின்றன. திட்டுக்குள் உற்றுப் பார்த்தால் அதே பட்டை நிழல் மாதிரி தொடர்ந்து போய் மறுபுறம் நைஸில் சேர்வதைச் சில இடங்களில் பார்க்கலாம். வெளியே இருந்து குழம்பு வந்து புகுந்திருந்தால் பட்டை அறுந்திருக்கும். அறுபடவில்லை. பழைய கல்லேதான் இருந்த இடத்தில் இருந்தபடி சார்னாக்கைட்டாக மாறியிருக்கிறது. பாதி மாறும்போதே அடுப்பு அணைந்துவிட்டது. இரும்புத் தோசைக்கல்லில் பாதி வெந்த தோசையை எடுத்துப் பார்த்த மாதிரி. கூட வந்த ஆட்டோக்காரர் நான் வெகுநேரம் பாறையைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "சார், இந்த லேண்ட் வாங்கப் போறீங்களா?" என்று தமிழில் கேட்டார்.

பாறை இருந்த இடத்திலேயே எப்படி உலர்ந்தது என்பது அடுத்த கேள்வி. விடை வந்த பாதை நார்வே வழியாகப் போகிறது. சார்னாக்கைட் இனப் பாறைகள் அங்கும் உண்டு. ஜாக் தூரே என்ற பிரெஞ்சு அறிஞர் 1971-இல், தெற்கு நார்வேயின் கிரானுலைட் படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய குமிழிகளைப் பற்றி எழுதினார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத குமிழிகள். குறைவாக வெந்த பக்கத்தில் அவற்றுக்குள் தண்ணீர் இருந்தது. நன்றாக வெந்த பக்கத்தில் கரியமில வாயு இருந்தது, ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்திக்கு அழுத்தப்பட்டு. அதன் பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஏ.எஸ்.ஜனார்த்தன், சிகாகோவின் ராபர்ட் நியூட்டன், ஜோசப் ஸ்மித் மூவரும் சேர்ந்து, 1979-இல் நேச்சர் இதழிலேயே கப்பல்துர்காவைப் பற்றி எழுதினார்கள். ஆழத்திலிருந்து விரிசல் வழியாக ஏறிவந்த கரியமில வாயு, பாறைக்குள் இருந்த தண்ணீரை நீர்க்கச் செய்து விரட்டியது. விரட்டிய இடமெல்லாம் திட்டாக மாறியது என்பது இந்தக் கருத்து. சோடா பாட்டில் சமாசாரம் பூமியின் அடியாழத்தில்!

கவர்ச்சியான கருத்துதான். எதிர்வாதமும் உடனே வந்தது. நம் மலைகள் அத்தனையையும் உலர்த்த வேண்டுமென்றால் எவ்வளவு வாயு வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பாறை கொஞ்சம் உருகினாலே தண்ணீர் அந்தக் குழம்பில் கரைந்துவிடும், குழம்பு மேலே ஓடிவிட்டால் மிச்சம் தானாக உலர்ந்துவிடும், வாயு எதற்கு என்றது ஒரு கட்சி. 1990-களில் நியூட்டனே இன்னும் சிலரோடு சேர்ந்து, கடல் நீரைவிடப் பல மடங்கு கடுமையான உப்புக் கரைசலும் இந்த வேலையைச் செய்திருக்கும் என்று சேர்த்தார். தான் சொன்ன விடையோடு இன்னொரு விடையையும் கூட்டி எழுத ஒரு மனசு வேண்டும். நான் பார்த்த வரையில், விரிசலை ஒட்டிய திட்டுகளுக்கு வாயுவோ உப்பு நீரோ பொருந்துகிறது; முழு மலைக்கு உருகி வடிந்த கதைதான் பொருந்துகிறது. இன்ஜினியர் சொல்வதை ஜியாலஜிஸ்டுகள் ஏற்க வேண்டியதில்லை.

ஹாலண்ட் தோற்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நேராகவே வறண்ட, சூடான குழம்பிலிருந்து ஹைபர்ஸ்தீனோடு உறைந்த கற்களும் உலகத்தில் உண்டு என்பது உறுதியாகிவிட்டது. 2008-இல் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்கத் தம்பதியர், சார்னாக்கைட் என்ற பெயரை அந்தத் தீப்பாறைகளுக்கே வைத்துக்கொள்வோம், வெந்து மாறியதற்கு வேறு பெயர் சொல்வோம் என்று எழுதினார்கள். நியாயம் இருக்கலாம். ஆனால் கப்பல்துர்காவின் திட்டைக் கையால் தொட்டுவிட்டு அதைச் சார்னாக்கைட் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் எப்போது நடந்தது? ஜிர்கான் என்ற சிறு படிகத்துக்குள் யுரேனியம் ஈயமாக மாறுவதை அளந்து வயது சொல்கிறார்கள். கப்பல்துர்கா, சேலம், நீலகிரி, சென்னை எல்லாம் வெந்தது சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன்னால். பூமிக்கே வயது 454 கோடிதான். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் வரும் நெடுஞ்சாலையில் இதை ஓசியில் பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்கு வடக்கே வெளிர் நைஸ். தெற்கே தர்மபுரிப் பக்கம் வர வர ரோட்டோரப் பாறை கறுத்துக்கொண்டே வரும். வேக்காடு ஏறுகிறது, ஆழம் ஏறுகிறது. பூமியை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்துச் சீவிவிட்டதால், செங்குத்தாக இறங்கிப் பார்க்க வேண்டியதைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கிடையாகப் பார்க்கிறோம். இந்த எல்லையை முதலில் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியவர் லூயிஸ் ஃபெர்மர், 1936-இல். இன்றும் அதை ஃபெர்மர் கோடு என்கிறார்கள்.

ஆனால் பாலக்காட்டுக் கணவாயும் காவிரியும் ஓடும் பட்டையைத் தாண்டித் தெற்கே போனால் கணக்கு மாறுகிறது. மதுரை, கொடைக்கானல், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கம் கடைசியாக வெந்தது வெறும் 55 கோடி வருஷங்களுக்கு முன்னால். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டி கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஆன காலம். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சார்னாக்கைட் இருக்கிறது. அதற்கும் ஏறக்குறைய இந்த வயதுதான். பனிக்கண்டத்துக் கல் நமக்கு எப்படி உறவு என்ற கேள்விக்கு இந்த ஒட்டிய நிலம்தான் பதில். கேரளத்தில் பொன்முடிக்குப் போகிறவர்கள் குளிருக்காகப் போகிறார்கள். அங்கே குவாரிகளில் கப்பல்துர்காவைப் போலவே பாதி வெந்த திட்டுகள் இருக்கின்றன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டுக்கும் நடுவே வயது வித்தியாசம் கிட்டத்தட்ட 195 கோடி வருஷம்! அந்த வேதியியல் மாறவே இல்லை. குமரிக் கடற்கரையில் செம்மணலாகக் காலில் ஒட்டுகிறதே, அதில் சிவப்பாக மின்னுவது இந்த மலைகள் கரைந்து வந்த கார்னெட்தான்.

மறுபடி பல்லாவரத்துக்கு வருகிறேன். ஒரு பாறை வகைக்கு முதலில் பெயர் வைத்த இடத்தை ஜியாலஜியில் மூல இடம் என்பார்கள். சந்தேகம் வந்தால் எல்லாரும் திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம். பரங்கிமலையில் இந்தக் கல்லை மண்ணியல் ஆய்வுத் துறை தேசிய மண்ணியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஹாலண்டும் சுப்பிரமணியமும் நடந்தது ஒரு பாறையில் அல்ல. பரங்கிமலை, பல்லாவரம், பம்மல், திரிசூலம் என்று ஒரு குன்றுக் கூட்டம் முழுக்க. எந்தக் கல் எதற்குள் புகுந்திருக்கிறது, எங்கே பட்டை மங்குகிறது என்று பார்க்க முகம் வேண்டும், தொடர்ச்சி வேண்டும். அதில் பெரும்பகுதி சென்னையின் அஸ்திவாரமாகவும் ரோடாகவும் போய்விட்டது. போன இடத்தில் குழி, குழியில் தண்ணீர். பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். என் வீட்டுக் குழாயிலும் வந்திருக்கும்.

குவாரியே கூடாது என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஜல்லி வாங்கித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. குவாரி வெட்டியிராவிட்டால் கப்பல்துர்காவின் வெட்டுமுகத்தைப் பார்த்திருக்கவும் முடியாது. எனக்கு ஆதங்கம் எல்லாம், வெட்டுகிறபோது யாரும் குறித்துவைப்பதில்லை என்பதுதான். ஒரு முகத்தை வெடி வைக்குமுன் ஒரு போட்டோ, ஒரு ஸ்கெட்ச், கையளவு ஒரு சாம்பிள், எடுத்த இடமும் தேதியும் எழுதிய ஒரு சீட்டு. நம் சைட்டில் கியூப் போடும்போது நம்பர் எழுதுவதைவிட அதிக வேலை இல்லை. நம் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் எத்தனையோ பேர் குவாரி, டனல், மெட்ரோ வேலைக்குப் போகிறார்கள். பூமியின் உள்ளே புது முகத்தை முதலில் பார்க்கிறவர்கள் நாம்தான், ஜியாலஜிஸ்டுகள் இல்லை.

இந்த ரீயூனியனுக்கு வரும்போது மூன்று கற்கள் கொண்டுவருகிறேன். நம் ஜியாலஜி லேப் அலமாரிக்கு. ஒன்று கப்பல்துர்கா, பாதி நைஸும் பாதி சார்னாக்கைட்டும் ஒரே துண்டில். இரண்டாவது பொன்முடி, அதேபோல. மூன்றாவது பல்லாவரம், நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கிரஷர் வாசலில் பொறுக்கியது. சீட்டில் குவாரியின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தக் குவாரி இப்போது குளம். மூன்றையும் மெல்லிய சீவலாகவும் தேய்த்து வாங்கியிருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பும் பச்சையுமாக மாறுவதைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் லேப் அசிஸ்டெண்டைக் கேட்டால் எடுத்துத் தருவார்.